கடைசி ஊர் என்று ஒரு ஊர் இல்லை

சில வருஷங்களுக்கு முன்னால் லடாக் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். "இமயத்துக்குப் பின்னால், உலகத்தோடு ஒட்டாமல் தனித்துக் கிடந்த நாடு" என்று அதில் ஒரு வரி வரும். அங்கே போகாமலேயே, இரண்டு மூன்று புத்தகங்களைப் புரட்டிவிட்டு எழுதிய வரி அது. போன செப்டம்பரில் பதினோரு நாள் அங்கே சுற்றிவிட்டு வந்தேன். அந்த வரி தப்பு. ஏன் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நடுவில் மலை, ஆறு, சாப்பாடு எல்லாம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லே: தலைவலியும் கடைத்தெருவும்

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெல்லியில் காலை விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். உடம்புக்கு இது புரியாது. முதல் இரண்டு நாள் சும்மா படுத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. இறங்கின அன்று மாலையே லே அரண்மனைக்கு ஏறப் போனேன். பாதிப் படியில் உட்கார்ந்தவன்தான். ராத்திரி முழுக்கத் தலைவலி, வாந்தி. மறுநாள் தங்கியிருந்த வீட்டில்தான் கிடந்தேன்.

ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. அந்த வீட்டுப் பாட்டியோடு பேச நேரம் கிடைத்தது. லடாக்கில் பாட்டியை 'அபி' என்கிறார்கள். மரியாதைக்குப் பின்னால் ஒரு 'லே' சேர்த்து 'அபி-லே'. தாத்தா என்றால் 'மேமே-லே'. நம்ம 'ங்க' மாதிரிதான் அந்த 'லே'. உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைக் கொடுத்துவிட்டு, பேரனை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு பேசினார். பேச்சுவாக்கில் அவருடைய 'பெராக்'கை எடுத்துக் காட்டினார். பெராக் என்பது பெண்களின் தலையணி. நெற்றியிலிருந்து முதுகு வரை இறங்கும் தோல் பட்டை. அதன் மேல் வரிசை வரிசையாக நீலப் பச்சைக் கற்கள், நடுநடுவே சிவப்புப் பவழம். அம்மா மூத்த மகளுக்குக் கொடுத்துப் போவது.

"இந்தப் பவழம் எங்கிருந்து வந்தது, அபி-லே?" என்று கேட்டேன்.

"எங்க அம்மாவுக்கு அவங்க அம்மா கொடுத்தது."

"அதுக்கு முன்னாடி?"

சிரித்துவிட்டார். "கடையிலேர்ந்துதான் வந்திருக்கும். லே பஜாருல அப்ப கிடைக்காதது என்ன?"

பவழம் கடலில் விளைவது. லேயிலிருந்து எந்தக் கடலுக்கும் பல வாரப் பயணம். உலகத்தோடு ஒட்டாமல் கிடந்த நாட்டில், ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்துப் பெண்ணின் தலையில் கடல் பொருள் எப்படி ஏறியது? என் பழைய வரியின் மேல் முதல் கீறல் அங்கேதான் விழுந்தது.

மூன்றாம் நாள் எழுந்து பஜாருக்குப் போனேன். மலை ஊருக்கு அந்தத் தெரு ரொம்ப அகலம். போன நூற்றாண்டுக்கு முந்தைய பயணிகள் அந்தத் தெருவிலேயே போலோ ஆட்டம் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். தெருவின் ஒரு முனையில் 17ஆம் நூற்றாண்டு மசூதி. அதற்கு மேலே குன்றில் சிங்கே நம்கியால் அரசர் அதே நூற்றாண்டில் கட்டிய ஒன்பது மாடி அரண்மனை. இந்த அரசர் பௌத்தர், பெரிய மடங்களைப் பேணியவர். அவருடைய அம்மா கியால் கதூன், பால்டிஸ்தானத்து முஸ்லிம் இளவரசி. அவர் தந்தை ஜம்யாங் நம்கியால் பால்டிகளோடு போருக்குப் போய்த் தோற்று, அந்த உடன்பாட்டில் நடந்த கல்யாணம் அது. பால்டிஸ்தான் இப்போது பாகிஸ்தானிடம் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஐந்து கணவாய் வழி

லேயை ஒரு நாற்சந்தி என்று நினைத்தால் எல்லாம் புரியும். மேற்கே ஸோஜி கணவாய் வழியாகக் காஷ்மீர். தெற்கே குல்லு, லாஹௌல் வழியாகப் பஞ்சாப். கிழக்கே சாங்தாங் மேட்டுநிலம் கடந்து லாசா. வடக்கே காரகோரம் தாண்டி யார்கண்ட், இன்றைய சீனாவின் சிஞ்சியாங்.

வடக்கு வழிதான் கொடுமை. லேயிலிருந்து யார்கண்ட் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கார்துங், சாசேர், காரகோரம், சுகெத், சஞ்சு என்று ஐந்து பெரிய கணவாய்கள். காரகோரம் கணவாய் மட்டும் 5,500 மீட்டருக்கு மேல். புல் கிடையாது, விறகு கிடையாது; குதிரைக்கான தீனியையும் குதிரைதான் சுமக்க வேண்டும். வழியைக் கண்டுபிடிப்பது சுலபம், செத்த மிருகங்களின் எலும்புகளே வழிகாட்டி என்று அதில் போனவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

அப்படியும் போனார்கள். வடக்கேயிருந்து பட்டு, கம்பளம், நம்தா விரிப்பு, வெள்ளி, தங்கம், கூடவே சரஸ் என்ற கஞ்சாப் பிசினும் வந்தது. ஆமாம், ஆங்கிலேயர் காலத்தில் அது முறைப்படி வரி கட்டி வந்த சரக்கு. தெற்கேயிருந்து பருத்தித் துணி, மசாலா, சாயம், பவழம் போயின. லாசாவிலிருந்து கட்டித் தேயிலை வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லேயிலிருந்து லாசாவுக்கு 'லோப்சாக்' என்ற அரசுக் காணிக்கைக் கூட்டம் போகும். காணிக்கை கொஞ்சம், வியாபாரம் நிறைய.

கோடை முடியும்போது லேயில் நாலு திசை வியாபாரிகளும் கூடுவார்கள். பனி விழுந்து கணவாய் மூடினால், மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த கோடை வரை இங்கேதான். காஷ்மீரிகளும் யார்கண்டிகளும் இங்கே பெண் எடுத்தார்கள். அந்தக் குடும்பங்களின் வழி வந்தவர்களுக்கு 'ஆர்கோன்' என்று பெயர். இரண்டு மூன்று மொழி பேசுவார்கள் என்பதால் வழிகாட்டி, துபாஷி, கூட்டத் தலைவர் வேலையெல்லாம் அவர்களுக்குப் பொருந்தியது.

அந்த வழித்துணைத் தொழிலில் வந்த ஒருவர் பெயரை இப்போது எல்லோரும் கேட்டிருப்பீர்கள், ஆளைத் தெரியாமலே. 2020இல் கல்வான் பள்ளத்தாக்குச் சண்டை நடந்ததல்லவா, அந்தக் கல்வான் ஆறு லேயில் பிறந்த குலாம் ரசூல் கல்வானின் பெயரில்தான் இருக்கிறது. ஏழை வீட்டுப் பையன், சின்ன வயதிலேயே ஐரோப்பியப் பயணிகளோடு கூலியாகப் போக ஆரம்பித்தார். கடைசியில் லேயில் 'அக்சகல்' ஆனார். வணிகக் கூட்டங்களின் விவகாரங்களைக் கவனிக்கும் தலைமைப் பதவி அது. தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் தன் வாழ்க்கையைத் தானே எழுதி, 1923இல் அது புத்தகமாக வந்தது. 'துரைமார்களின் வேலைக்காரன்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். துரைமார்கள் எழுதின பயணநூல்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. சுமை தூக்கினவர் எழுதினது அபூர்வம். இன்றைக்கு அந்தப் பெயர் ஒரு சண்டைக்கான பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கம்பளிக்காக நடந்தவை

இந்த மலைநாட்டின் மேல் எல்லோருக்கும் ஏன் இவ்வளவு கண்? பதில் ஒரு ஆட்டின் உள்முடி. சாங்தாங் குளிரில் வளரும் வெள்ளாட்டுக்குத் தோலை ஒட்டி மெல்லிய உள்முடி முளைக்கும். அதைச் சீவி எடுத்தால் பஷ்ம். காஷ்மீர் சால்வைக்கு அதுதான் மூலப்பொருள்.

1679இல் தொடங்கிய லடாக்-திபெத் போரில் லடாக் அரசர் காஷ்மீரில் இருந்த முகலாயர்களிடம் உதவி கேட்டார். உதவி வந்தது, விலையோடு வந்தது. 1684 திங்மோஸ்காங் உடன்படிக்கையில், மேற்குத் திபெத்தின் பஷ்ம் லடாக் வழியாகக் காஷ்மீரிகளுக்கு மட்டுமே போக வேண்டும் என்று ஆயிற்று. ஸ்ரீநகர்த் தறிகள் ஓடியது அந்த ஒரு விதியின் மேல்.

1820இல் வில்லியம் மூர்கிராஃப்ட் லே வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரை மருத்துவர். நல்ல ஜாதிக் குதிரை தேடி புகாரா போவதாகச் சொல்லிப் புறப்பட்டவர் லேயில் இரண்டு வருஷம் தங்கி, பஷ்ம், பயிர், வரி, வைத்தியம் என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தார். லடாக் அரசரோடு கம்பெனி சார்பில் வணிக ஒப்பந்தமும் போட்டார். கம்பெனி அதை ஏற்கவில்லை.

1834இல் ஜம்முவின் குலாப் சிங்குடைய தளபதி ஜோராவர் சிங் சூரு பள்ளத்தாக்கு வழியாக உள்ளே வந்தார். லடாக் அரசு முடிந்தது. அவர் பால்டிஸ்தானையும் பிடித்தார், 1841இல் திபெத்துக்குள்ளும் போனார், அந்த டிசம்பர் குளிரில் அங்கேயே கொல்லப்பட்டார். 1842இல் இரு பக்கமும் பழைய எல்லைக்கே திரும்புவதாக ஒப்புக்கொண்டன. அந்த உடன்பாட்டிலும் பஷ்மும் தேயிலையும் பழைய வழியிலேயே போகலாம் என்பது உண்டு. சண்டை போட்டவர்களுக்கும் வியாபாரம் நிற்கக்கூடாது.

கல்லில் கையெழுத்து

ஐந்தாம் நாள் சிந்து நதியோரமாகக் கலாட்சே வரை போனேன். ஆற்றங்கரைப் பாறைகள் வெயிலில் கறுத்து எண்ணெய் பூசினாற்போல இருக்கும். அந்தக் கறுப்பைக் கொத்தினால் உள்ளே வெளிர் நிறம் தெரியும். இயற்கையே செய்து வைத்த சிலேட்டு. மலையாடு, வேட்டைக்காரன், தூபி, எழுத்து என்று ஆயிரக்கணக்கில் கொத்தி வைத்திருக்கிறார்கள். கலாட்சேயில் கரோஷ்டி எழுத்தில் குஷாணர் காலக் கல்வெட்டே உண்டு. மொராவியன் கிறித்தவ சபையின் ஊழியராக இங்கே வந்த ஆ. ஹெ. ஃப்ராங்கே அவற்றைப் படியெடுத்து வெளியிட்டார். 1907இல் மேற்குத் திபெத்தின் வரலாற்றையும் எழுதினார்.

அவர் பார்த்த எல்லாவற்றையும் நாம் பார்க்க முடியாது. பாலத்துக்கும் சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் தேவைப்பட்டபோது, கையெட்டும் தூரத்தில் இருந்த பாறைகளை உடைத்தார்கள். நான் இறங்கித் தேடினேன். ஒரு பாறையில் ஆட்டின் பின்பாதி மட்டும் இருந்தது. முன்பாதி ஜல்லியாகிவிட்டது. ஓட்டுநர்த் தம்பி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"ஆச்சோ-லே, இதுக்கு மேல தார் ஓடுது. நான் தினமும் இதுமேலதான் வண்டி ஓட்டறேன் போல" என்றார். ஆச்சோ என்றால் அண்ணன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ரெண்டு நாள் கழித்துப் பாங்காங் ஏரி போகும் வழியில் தாங்க்சேயில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். '3 இடியட்ஸ்' படத்துக்குப் பிறகு பாங்காங் போகாத சுற்றுலா வண்டி கிடையாது. எல்லாம் தாங்க்சேயைத் தாண்டித்தான் போகின்றன. அங்கே பாறைகளில் சிலுவைகள் செதுக்கியிருக்கின்றன. கிழக்கத்திய சிரியக் கிறித்தவர்களின் சிலுவை வடிவம். கூடவே சோக்தியன் மொழியில் எழுத்து. அந்த மொழி இன்றைய உஸ்பெகிஸ்தான் பக்கத்து வணிகர்களுடையது. 9ஆம் நூற்றாண்டில் சமர்கண்டிலிருந்து திபெத் மன்னரிடம் தூது போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறது அது.

சமர்கண்டிலிருந்து லாசா போகிறவருக்கு இந்த ஊர் வழியில் இருந்திருக்கிறது! நமக்கோ இது 'ஊருக்கெல்லாம் அப்பால்'. கொஞ்ச நேரம் அந்தப் பாறைப் பக்கத்திலேயே நின்றேன். ஏரிக்குப் போகும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தாண்டிப் போயின. ஏரியை நானும் பார்த்தேன், நீலம்தான், அழகுதான். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு மனசில் நிற்பது பாறைதான்.

துர்துக்

கார்துங் கணவாய் தாண்டி இறங்கினால் நூப்ரா. ஹுந்தர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். யார்கண்ட் வழி மூடியபோது இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட வணிகக் கூட்டத்து ஒட்டகங்களின் பேரப்பிள்ளைகள் அவை. மாதக்கணக்கில் நடந்த ஜாதி, இப்போது கால் மணி நேரம் வட்டம் சுற்றுகிறது.

அங்கிருந்து ஷியோக் ஆற்றோடு கீழே போனால் துர்துக். லேயிலிருந்து சுமார் 200 கி.மீ. மொட்டை மலைகளையே பார்த்து வந்த கண்ணுக்கு திடீரென்று பச்சை. ஆப்ரிகாட் மரங்கள், வாய்க்கால்கள், பூத்து நிற்கும் பாப்பரை வயல். வெயில் காலத்திலும் வெண்ணெய் உருகாமல் வைக்கக் கல் இடுக்குகளின் குளிர்காற்றை வைத்தே கட்டின சின்னக் கல்லறைகள், அதாவது கல்லால் ஆன சேமிப்பு அறைகள். பேசுவது பால்டி, திபெத்திய மொழிக் குடும்பம். மக்கள் முஸ்லிம்கள்.

1971 டிசம்பர் வரை இது பாகிஸ்தான் வசம் இருந்தது. அந்தப் போரில் நூப்ராக்காரரான மேஜர் செவாங் ரிஞ்சன் தலைமையில் வந்த படை துர்துக்கையும் பக்கத்துக் கிராமங்களையும் பிடித்தது. ஊர் அப்படியே இருந்தது; நாடு மாறிவிட்டது. அந்தச் சமயத்தில் ஸ்கர்துவிலோ கராச்சியிலோ வேலைக்கும் படிப்புக்கும் போயிருந்தவர்கள் அங்கேயே நின்றுபோனார்கள். வெளியூர்ப் பயணிகளுக்கு ஊர் திறந்தது 2010இல்தான்.

தங்கிய வீட்டுப் பெரியவருக்கு அப்போது பதினொரு வயது. நல்ல ஹிந்தி பேசினார். ஆப்ரிகாட் கொட்டையை உடைத்து உடைத்து எனக்குப் பருப்பு கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"ராத்திரி வெடிச்சத்தம். மலை மேல ஓடிட்டோம். காலையில வந்தா வேற சிப்பாய்ங்க. அண்ணன் அப்ப கப்லு போயிருந்தாரு, மாமா வீட்டுக்கு. ரெண்டு நாள்ல வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அப்புறம் பார்த்தீங்களா?"

"போன்ல முகம் பார்ப்போம். அம்மா பார்க்கலை. அவங்க காலத்துல போன் இல்லை."

கப்லு இதே ஷியோக் ஆற்றின் கரையில்தான் இருக்கிறது, கொஞ்சம் கீழே. ஆறு போகிறது, அவர் போக முடியாது. 2025 வரை, போக வேண்டுமென்றால் லே, டெல்லி, விசா, அமிர்தசரஸ், வாகா, லாகூர், இஸ்லாமாபாத், ஸ்கர்து என்று ஒரு நாட்டையே சுற்றி வரவேண்டியிருந்தது, அதுவும் விசா கிடைத்தால்.

சிங்கே நம்கியாலின் அம்மா வந்த பால்டிஸ்தான் இதுதான். கல்யாணம் நடந்து நானூறு வருஷம். அதை விடக் கிட்டத்து விஷயம் ஒன்று சொல்கிறேன். டோக்ரா ஆட்சியில் லடாக் என்ற ஒரே மாவட்டத்துக்குள் லே, கார்கில், ஸ்கர்து மூன்றும் தாலுகாக்கள். அதிகாரிகளின் தலைமையிடம் கோடையில் லே, குளிரில் ஸ்கர்து. மூட்டை மூட்டையாகக் காகிதங்களைக் கட்டிக்கொண்டு வருஷா வருஷம் போய் வந்திருக்கிறார்கள். 1948 ஆகஸ்டில் ஸ்கர்து கோட்டை வீழ்ந்தது. அதோடு கார்கில்-ஸ்கர்து வழி மூடியது.

யார் செய்த தொலைவு

இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். 1948, மேற்கே ஸ்கர்து வழி மூடியது. 1949, சிஞ்சியாங்கில் ஆட்சி மாறி வடக்கே யார்கண்ட் வியாபாரம் நின்றது. 1962 போரோடு கிழக்கே திபெத் வழியும் முடிந்தது. பதினைந்து வருஷத்துக்குள் நாற்சந்தியின் மூன்று தெருக்கள் அடைபட்டன. மிஞ்சியது இந்தியப் பக்கம் ஒன்றுதான். 1948 மே மாதம் லேயில் அவசரமாகப் போட்ட ஓடுதளத்தில் முதல் டகோட்டா இறங்கியது. 1960களில் ஸ்ரீநகர் சாலை வந்தது. இரண்டுமே முதலில் ராணுவத்துக்காக. 1974இல் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். அப்போது போனவர்கள் பார்த்தது ஒரு முட்டுச்சந்து. பார்த்தவர்கள் 'காலங்காலமாகத் தனித்துக் கிடந்த நாடு' என்று எழுதினார்கள். அதைப் படித்து நானும் எழுதினேன்.

மலை எப்போதும் உயரம்தான், குளிர் எப்போதும் குளிர்தான். அது நடையைக் கடினமாக்கியது, நிறுத்தவில்லை. நிறுத்தியது வரைபடக் கோடு. இதைச் சும்மா வார்த்தைத் தகராறு என்று நினைக்காதீர்கள். ஒரு ஊரை 'வரலாறே இல்லாத ஓரம்' என்று நினைத்தால், அதன் பாறையை உடைத்து ஜல்லியாக்க மனசு கூசாது. 'அந்தக் காலத்திலேர்ந்தே இப்படித்தான்' என்று நினைத்தால், அண்ணனைப் பார்க்க முடியாத ஒருவரின் கஷ்டம் இயற்கையின் விதி மாதிரித் தெரியும். அது யாரோ போட்ட கோட்டின் விளைவு என்று தெரிந்தால் குறைந்தபட்சம் அப்படிச் சொல்லவாவது செய்வோம்.

துர்துக்கிலிருந்து கிளம்பும்போது, அந்தப் பக்கம் வைத்திருக்கும் 'இந்தியாவின் கடைசி ஊர்' என்ற பலகை முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுக்கலாமா என்று பெரியவரைப் பார்த்தேன்.

"எடுத்துக்கோங்க. நீங்க வர்ற பக்கத்திலேர்ந்து பார்த்தா கடைசிதான்" என்றார்.

படம் எடுக்கவில்லை. பழைய குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: முதல் இரண்டு நாள் நிஜமாகவே படுத்திருங்கள். நூப்ராவுக்கும் பாங்காங்குக்கும் அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், லேயில் இறங்கியதும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்குப் போகிற வழியில் தாங்க்சேயில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். பாறையைத் தொடாமல் பாருங்கள். துர்துக்கில் ஒரு ராத்திரியாவது தங்கி, அந்த மக்களோடு பேசுங்கள். கேட்டால் சொல்கிறார்கள்.